சூடேறாத பெட்டியும் ஒரு ஞாயிறு பூசையும்

1

எங்கள் ஊர்க் கோயில் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பங்குச் சாமியார் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: அந்நிய நாட்டில் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி. சாமியாருக்கு என் மேல் இருக்கும் நம்பிக்கையை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நான் எதையும் காப்பாற்றியதாக நினைவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு கூத்து நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன். தலைப்புக்குப் பொருந்தவில்லை என்றால் சாமியார் மன்னிக்கட்டும்.

நாங்கள் கனடாவில் எட்மன்டனுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினொரு வருஷம். எங்கள் ஊர் இருக்கிற குன்னம் பக்கத்தில் நான் இங்கே பெரிய இன்ஜினியர் என்று ஒரு பேச்சு இருக்கிறது. என் மச்சான் கிளப்பிவிட்டது. உண்மை அப்படியில்லை. நான் கான்கிரீட் சோதனை செய்கிறவன். கட்டடத்துக்குக் கான்கிரீட் ஊற்றும்போது லாரியிலிருந்து கொஞ்சம் பிடித்து, பிளாஸ்டிக் அச்சுகளில் நிரப்பி வைப்பேன். நம் ஊரில் சதுரக் கட்டி, இங்கே உருளை. இருபத்தெட்டாம் நாள் அதை மெஷினில் வைத்து நசுக்குவோம். எவ்வளவு பாரத்துக்கு உடைகிறதோ, அதை வைத்துத்தான் அந்தத் தளம் ஆளைத் தாங்குமா தாங்காதா என்று முடிவு செய்வார்கள்.

இதில் ஒரு சங்கதி முக்கியம். ஊற்றிய முதல் நாள் அந்த உருளைகள் பச்சைக் குழந்தை மாதிரி. குளிர் படக்கூடாது. எட்மன்டன் குளிரோ மூக்கு முடியை உறைய வைக்கும். அதனால் ஹீட்டர் வைத்த ஒரு பெட்டிக்குள் அவற்றை வைத்து மூடி, சைட்டில் கரண்ட் இழுத்து, பிளக்கைச் சொருகிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எல்லா வேலையும் முடிந்த பிறகு செய்கிற, பத்து வினாடி வேலை.

2

இங்கே வருவதற்கு முன்னால் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக் கூடத்தில் இருந்தேன். தாத்தா காலம் வரை அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்த குடும்பம். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் ஏற்றினார். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதே கல்லிலிருந்து வந்த சிமெண்டைச் சோதிக்கப் போனேன். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே அரியலூர் போய் வருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அங்கே என்னோடு கலியபெருமாள் வேலை பார்த்தார். உடையார்பாளையம் பக்கம், நிலம் நீச்சு உள்ள வீடு. ஆயுத பூசை அன்று எங்கள் நசுக்கும் மெஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு ஜோராக நிற்க வைப்பார். நான் வாசல்படியில் நின்று பொரியும் சுண்டலும் மட்டும் வாங்கிக்கொள்வேன். ஒரு வருஷம் அவர் கேட்டார்.

"ஏம்ப்பா ஆரோக்கியம், வருசம் முழுக்க நமக்குச் சோறு போடுற மெஷினு. ஒரு நாளு அதக் கும்புடுறோம். ஒங்க சாமிக்கு மெஷினெல்லாம் கணக்குலயே வராதா?"

"எங்க சாமிக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் டூட்டி, அண்ணே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் உண்மையைச் சொன்னால், நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வேலை என்பது சம்பளத்துக்கு. சாமி என்பது கோயிலில். இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம்.

என் அக்கா லூர்துமேரி அப்படி இல்லை. அவள் குன்னம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். ஒரு வருஷம் எங்கள் கோயில் தேர்த் திருவிழா பள்ளிக்கூட நாளில் வந்தது. பகலில் கூட்டுப் பூசை, மேளம், வெளியூர்ச் சாமியார்கள். ஊரே கோயிலில் இருக்க, இவள் மட்டும் அடுப்படியில். அன்று முட்டை போடுகிற நாள். உதவிக்கு இருந்த பெண் லீவு போட்டுவிட்டாள். நான் திருவிழாக் கமிட்டி பேட்ஜைக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய், பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டேன்.

"வருசத்துல ஒரு நாளு. அதுக்குக் கூட வர முடியாதா ஒனக்கு? சனங்க என்ன பேசுவாங்க?"

அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"தேரு ராத்திரி வரைக்கும் ஊரச் சுத்தும்டா. புள்ளைங்களுக்குப் பன்னெண்டரைக்குப் பசிக்கும். நீ போ, நான் இங்கயே கும்புட்டுக்குறேன்."

வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

3

எட்மன்டனில் தமிழ்ப் பூசை மாதத்தில் ஒன்றுதான். முதல் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, வெள்ளைக்காரர்களின் கோயில் ஒன்றை இரவல் வாங்கி நடத்துகிறோம். பாதிப் பேர் ஈழத்தவர்கள், மீதி நாங்கள். பாட்டுக் குழுவுக்கு நான் பொறுப்பு. கீபோர்டும் நானே. முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி. அதற்குத் தாமதமாக வருகிறவர்களைப் பார்த்து ஒரு முறை முறைப்பேன் பாருங்கள், அதற்குப் பயந்தே சிலர் வருவதை விட்டுவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு கட்டடத்தின் மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட். கடைசி லாரி வர மூன்றரை ஆகிவிட்டது. ஐந்து உருளை நிரப்பினேன், பெட்டிக்குள் வைத்தேன், மூடினேன். பிளக் கையில் இருக்கிறது. கரண்ட் பெட்டிக்குப் போகிற வழியில் தச்சர்கள் பலகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையைக் காட்டி, ஒரு நிமிஷம் பொறு என்றான். அந்த ஒரு நிமிஷத்தில் பாட்டுக் குழுவிலிருந்து போன் அடித்தது.

"அண்ணை, எல்லாரும் வந்திட்டினம். நீங்கள் எங்க நிக்கிறீங்கள்?"

என்னைத் தாமதமாக வந்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பேசிக்கொண்டே வண்டியை நோக்கி நடந்தேன். பயிற்சி நன்றாகவே நடந்தது. காணிக்கைப் பாட்டை மட்டும் நான்கு தடவை பாட வைத்தேன்.

மறுநாள் பூசையில் அந்தக் காணிக்கைப் பாட்டு. எங்கள் உழைப்பை ஏற்றுக்கொள்ளும் ஆண்டவரே என்கிற கருத்தில் வழக்கமாக வரும் பாட்டுத்தான். இரண்டாம் அடி பாடும்போது என் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. பிளக் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் அதைச் சொருகவில்லை. எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. சாமியார் அப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறார், பாட்டுக் குழு என்னைப் பார்க்கிறது, என் மனைவி பிலோமினா என்ன என்று கண்ணால் கேட்கிறாள். நான் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே ஓடினேன்.

என் மகள் ஜெனி கல்லூரியில் படிக்கிறாள். கோயிலுக்குள் வருவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருப்பாள். அதில் எங்களுக்கு வருத்தம். அவளிடம் காட்டிக்கொள்வதில்லை, காட்டினால் சண்டையாகிவிடும்.

"பூசை முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"இல்ல. வண்டிய எடு."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். கேள்வி கேட்காமல் எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சைட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. பிளக் பனியில் கிடந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐந்தும் வெளுத்துப்போய், தொட்டால் விரல் ஒட்டுகிற மாதிரி உறைந்திருந்தன. பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். இரவெல்லாம் எவ்வளவு குளிர் போனது என்பதை அது பதிந்து வைத்துக்கொள்ளும். பதிந்ததை அழிக்க ஒரு பொத்தானும் அதிலேயே இருக்கிறது.

அழுத்தினால் தீர்ந்தது. பிளக்கைச் சொருகிவிட்டுப் போகலாம். திங்கட்கிழமை வருகிறவன் வெதுவெதுப்பான பெட்டியைத்தான் பார்ப்பான். அப்புறம் உருளைகள் குறைந்த பாரத்திலேயே உடையும். கான்கிரீட் மோசம் என்பார்கள். லாரி அனுப்பினவனைப் பிடித்துக்கொள்வார்கள். நல்ல கான்கிரீட்டை அனுப்பிய எவனோ ஒருவன் தலையில் விடியும். இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருப்பவனுக்கு இது மட்டுமல்ல, இன்னும் இரண்டு மூன்று வழி தெரியும். அவற்றை மலரில் எழுதப் போவதில்லை.

பொத்தான் மேல் விரலை வைத்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

4

காருக்குத் திரும்பி அக்காவுக்குப் போன் போட்டேன். ஏன் அவளுக்கு என்று இப்போதும் தெரியவில்லை. நம் ஊரில் திங்கட்கிழமை விடிகாலை. ஆடு மாட்டுக்குத் தண்ணி காட்டும் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். ஜெனி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூசையப் பாதியில விட்டுட்டா வந்த?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

திட்டப் போகிறாள் என்று பார்த்தேன். அன்று பள்ளிக்கூடத்தில் நான் போட்ட சத்தத்தைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் அவளுக்குக் கிடைக்காது.

"அந்த வூட்டுல யாருடா குடியிருக்கப் போறாங்க?"

"எந்த வூட்டுலக்கா?"

"நீ கட்டுறியே, அதுலதான்."

"தெரியலக்கா."

"ரெண்டு மாசமா போயிட்டு வர. யாருக்குக் கட்டுறோம்னு தெரியாதா?" அவள் குரலில் கோபமே இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "யாரு சாப்புடப் போறான்னு தெரியாம நான் ஒலை வச்சதே இல்லடா. சரி, நேரமாச்சு, அப்பறம் பேசு."

போன் வைத்த பிறகு ஜெனி கார்க் கண்ணாடி வழியாகச் சைட் வாசலில் இருந்த பெரிய போர்டைப் படித்தாள். தினமும் அதைக் கடந்துதான் நான் உள்ளே போகிறேன். "வயசானவங்களுக்குப்பா. வாடகை குறைச்சலா குடுக்கிற வீடு" என்றாள்.

வயசானவர்கள். மூன்றாம் தளத்தில் கட்டிலைப் போட்டுப் படுப்பார்கள். தளம் தாங்கும் என்று நான் கையெழுத்துப் போட்டதை நம்பிப் படுப்பார்கள். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். பதினொரு வருஷமாக மாதம் தவறாமல் எங்கள் உழைப்பை ஏற்றுக்கொள் என்று பாடியிருக்கிறேன். அந்த உழைப்பு யாருக்குப் போகிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

காரில் உட்கார்ந்தபடியே என் மேலாளர் டேவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்வது இங்கே பெரிய குற்றம். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "பெட்டியைத் தொடாதே. நாளைக்கு எட்டு மணிக்கு ஆபீசுக்கு வா" என்றார்.

5

எட்டு மணிக்குப் போனேன். டேவோடு ஆள் விவகாரம் பார்க்கிற பிரிவிலிருந்து ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வேலை போகிற சமயத்தில்தான் அவர் வருவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்னால் ஒரு படிவம். என்ன நடந்தது, எப்போது, யார் யார் இருந்தார்கள், கடைசியில் காரணம் என்று நான்கு வரி இடம்.

அவசரமாக எங்கே போனாய் என்று அந்த அம்மாள் கேட்டார். கோயில் பாட்டுப் பயிற்சிக்கு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குரலே மாறிவிட்டது.

"அது உங்கள் மத வழிபாட்டுக்கு அவசியமான ஒன்றா?"

இந்த நாட்டில் இது பெரிய விஷயம். மதக் கடமைக்கு நேரம் வேண்டும் என்றால் கம்பெனி ஒதுக்கித் தர வேண்டும், தராவிட்டால் தவறு அவர்கள் பக்கம். கடைசி லாரி தாமதமானது, எனக்கோ வழிபாட்டுக்கு நேரமாகிவிட்டது, மாற்று ஆள் அனுப்பவில்லை என்று எழுதினால் போதும். அந்த அம்மாள் அப்படி எழுது என்று சொல்லவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்பதை மட்டும் பொறுமையாக விளக்கினார். நல்ல மனுஷி. மறுநாள் காலைக்குள் கொடுத்தால் போதும் என்று படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் பிலோமினாவுக்கு உயிர் வந்தது.

"ஆண்டவரே வழி காட்டுறாருங்க. அப்படியே எழுதிக் குடுங்க. பொய் ஒண்ணும் இல்லையே, கோயிலுக்குத்தானே போனீங்க?"

"கோயிலுக்குத்தான் போனேன்."

"அப்பறம் என்ன? வேலை போச்சுன்னா இந்த வயசுல யாரு எடுப்பா? இவ படிப்பு பாதியில நிக்குது."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. பேனாவை எடுத்து, வழிபாடு என்கிற வார்த்தையை ஆங்கிலத்தில் எழுதியும் விட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பிளக்கைச் சொருகப் பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியை எந்தச் சாமி என்னிடம் கேட்டார்? அவருக்கு அவசரமே இல்லை. தாமதமாக வருகிறவர்களை முறைக்கிற நானே தாமதமாக வந்து நிற்கக் கூடாது. அவசரம் அதற்குத்தான். செய்ததையும் செய்துவிட்டு, பழியைச் சிலுவையில் தொங்குகிறவர் மேலேயே போடுவதா? ஏற்கெனவே அவர் சுமப்பது போதாதா?

எழுதியதை அடித்தேன். நான் பிளக்கைச் சொருகவில்லை, ஒரு நிமிஷம் பொறுக்காமல் கிளம்பிவிட்டேன், கவனக்குறைவு என்னுடையது என்று எழுதினேன். பிலோமினா எழுந்து அறைக்குள் போய்விட்டாள். ஆங்கிலத்தைச் சரிபார்க்க ஜெனியிடம் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள்.

"இப்படிக் குடுத்தா வேலை போகும்ப்பா."

"போகலாம்."

அவள் காகிதத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருந்தாள். "கோயில்ல இத சொல்லிக் குடுத்திருந்தா நான் உள்ள வந்திருப்பேன்" என்றாள்.

"சொல்லிக் குடுத்தாங்கம்மா. நாந்தான் பாட்டுல கவனமா இருந்துட்டேன்."

6

வேலை உடனே போகவில்லை. சைட்டுக்குப் போகக் கூடாது, லேபில் அச்சுக் கழுவு என்றார்கள். மூன்றாம் தளத்துக்குச் சாட்சியாக இருந்த உருளைகள் செத்துப்போனதால், இருபத்தெட்டாம் நாள் தளத்தையே மூன்று இடத்தில் துளைத்துக் கான்கிரீட்டை எடுத்துச் சோதிப்பது என்று முடிவானது. அதுவரை கீழே கொடுத்த முட்டுகளை எடுக்க முடியாது. காண்ட்ராக்டர் போனில் கத்தியது எனக்குப் பக்கத்து அறை வரை கேட்டது. தளம் சரியில்லை என்றால் உடைத்துத்தான் ஆக வேண்டும். அப்படி ஆனால் என் கதை முடிந்தது.

அந்த நாலு வாரமும் ஒரு நாளைக்கு நூறு அச்சு கழுவினேன். இருபது வருஷ அனுபவக்காரனுக்கு அது தண்டனைதான். முதல் வாரம் அப்படித்தான் கழுவினேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இரண்டாவது வாரத்தில், அடியில் பழைய சிமெண்ட் ஒட்டியிருந்தால் அடுத்த உருளை கோணலாக நிற்கும், கோணலாக நின்றால் எண் தப்பாக வரும் என்று யோசித்தபடி விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துக் கழுவினேன். எந்த அச்சு எந்த வீட்டுக்குப் போகும் என்று தெரியாது. யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும். இவரைக் காப்பாற்றும் ஆண்டவரே என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல ஆரம்பித்தேன். பிறகு சொல்வதும் நின்றுவிட்டது, கழுவுவது மட்டும் நடந்தது. அத்தனை நிம்மதியாக நான் செபம் செய்ததில்லை. அதை இங்கே பெருமைக்காகச் சொல்லவில்லை. தண்டனை கொடுத்து உட்கார வைத்ததால் கிடைத்தது.

துளைத்து எடுத்ததை உடைக்கும் நாளில் என்னை மெஷின் பக்கம் விடமாட்டார்கள் என்று நினைத்தேன். டேவ் வந்து, "நீயும் வந்து பார்" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலாவது, வரவேண்டிய எண்ணைத் தாண்டி உடைந்தது. இரண்டாவது அதற்கும் மேலே. மூன்றாவது உடைய மாட்டேன் என்று நின்று, கடைசியில் பட்டென்று போனது. டேவ் எண்களைக் குறித்துக்கொண்டார். "தளம் நன்றாக இருக்கிறது. உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். திங்கட்கிழமையிலிருந்து சைட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, உருளைகளை ஈரத்தில் வைத்திருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே எந்நேரமும் மேலிருந்து சாரல் மாதிரி தண்ணீர் தூவிக்கொண்டிருக்கும். அலமாரி அலமாரியாக நூற்றுக்கணக்கில் உருளைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கட்டடம், ஒரு தளம், ஒரு தேதி. ஈரத் தரையில் முழங்கால் போட்டேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. நாலு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. அந்த வயசானவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பையன் எட்டிப் பார்த்தான். முழங்காலில் கிடக்கும் என்னையும் நனைந்த சட்டையையும் பார்த்துவிட்டு, "ஏதாவது கீழே விழுந்துவிட்டதா?" என்று கேட்டான்.

"இல்லை. வேலையாக இருக்கிறேன்" என்றேன்.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு உடைக்க வேண்டிய உருளைகளைத் தேதி பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் கொடுக்க ஆரம்பித்தேன்.